திங்கட்கிழமை நெஞ்சு

பஞ்சாலைத் தொழிலாளர்கள் சொல்லும் ஒரு புகாரை வேறு தொழில்களில் அவ்வளவாகக் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை ஷிஃப்ட் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் நெஞ்சு இறுகும். வறட்டு இருமல் வரும். மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கும். செவ்வாயன்று கொஞ்சம் தேவலை. வியாழன், வெள்ளியில் அது மறந்தே போகும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வேலைக்கு வந்த முதல் நாள் மறுபடியும் அதே கதை.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாக இருக்கிறது. தூசி உள்ளே சேரச் சேரத்தான் நோய் கூடுகிறது என்றால் சனிக்கிழமை மாலைதானே மோசமாக இருக்க வேண்டும்? ஓய்வெடுத்து வந்தவரை ஏன் அது முதலில் பிடிக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. சணல், ஆளி நார் சிக்கெடுப்பவர்கள் ஓயாமல் இருமுவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700-இல் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலிலேயே எழுதிவைத்தார். இந்த நோய்க்குப் பிஸினோசிஸ் என்ற பெயரை 1877-இல் கொடுத்தவர் ஆட்ரியன் ப்ரூஸ்ட், நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் தந்தை. (மகன் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவில் அவதிப்பட்டார் என்பது தனிக் கதை.) 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிவந்த ரிச்சர்ட் ஷில்லிங், இந்நோயைக் கிழமையை வைத்தே தரம் பிரித்தார். எப்போதாவது ஒரு திங்களன்று இறுக்கம் வந்தால் அரைத் தரம், திங்கள்தோறும் வந்தால் முதல் தரம். மற்ற நாட்களிலும் தொடர்ந்தால் இரண்டாம் தரம். மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்றாம் தரம். எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல், பெரும்பாலும் ஆளிடம் கேட்டே நோயைக் கண்டறியும் முறை இது. அதன் அருமை நம் ஊரில் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்பது என் எண்ணம்.

அவினாசி, பல்லடம், உடுமலை வட்டாரங்களின் நூற்பாலைகளில் பஞ்சுப் பொதியான பேலை உடைக்கும் ப்ளோ ரூமும், பஞ்சைச் சீவி இழை பிரிக்கும் கார்டிங்கும்தான் தூசி மிகுந்த இடங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் அந்நகர ஆலைகளில் ஆய்வு செய்து 1989-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ப்ளோ பிரிவில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கும் கார்டிங் பிரிவில் 38 சதவீதம் பேருக்கும் பிஸினோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்நோய் அரிது என்ற நினைப்பு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. தேடாத நோய் அரிதாகத்தான் இருக்கும்.

பஞ்சுக்குள் அப்படி என்ன இருக்கிறது? பருத்தி இழை வெறும் செல்லுலோஸ். அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காயைச் சுற்றி நிற்கும் சிற்றிலைகள் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு சேர்ந்து வருகின்றன. அந்த இலைத்துணுக்குகளில் பான்டோயா அக்ளோமெரன்ஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். பாக்டீரியா செத்தாலும் அதன் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்புச்சர்க்கரை மூலக்கூறு சாவதில்லை. எண்டோடாக்ஸின் என்று சொல்வது இதைத்தான். 1987-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் மாதிரி கார்டிங் அறை ஒன்றில் தன்னார்வலர்களை வெவ்வேறு பஞ்சுகளின் தூசியைச் சுவாசிக்க வைத்து அளந்தார்கள். காற்றில் இருந்த தூசியின் எடைக்கும் மூச்சுத்திறன் சரிவுக்கும் தொடர்பு மங்கலாகவே தெரிந்தது. எண்டோடாக்ஸின் அளவோடு அந்தச் சரிவு நெருக்கமாகப் பொருந்தியது. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 9 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒன்பது பங்கு: அதற்கு மேல் போனால் சரிவு தொடங்குகிறது என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு சொற்பத்தை உடல் எப்படி உணர்கிறது? மூச்சு நுண்ணறைகளின் சுவரில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் எப்போதும் இருக்கின்றன. நாம் பிறக்கும் சமயத்தில் அங்கே குடியேறி, பெரும்பாலும் தாங்களே பெருகி இடத்தைத் தக்கவைத்துக்கொள்பவை அவை. உள்ளே வரும் தூசியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது அவற்றின் அன்றாட வேலை. ஆனால் அவற்றின் மேற்பரப்பில் டிஎல்ஆர்-4 என்னும் ஏற்பி இருக்கிறது. எண்டோடாக்ஸினை உணர்வது இந்த ஏற்பிதான் என்று ப்ரூஸ் பாய்ட்லர் குழு 1998-இல் கண்டறிந்தது; அந்த எண்டோடாக்ஸினுக்கு அசையாத ஒரு எலி இனத்தில் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று தேடிப் போய்க் கிடைத்த விடை அது. 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஏற்பி தூண்டப்பட்டால் செல்லின் கருவுக்குள் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதம் நுழைந்து, டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 ஆகிய சமிக்ஞைப் புரதங்களின் ஜீன்களை இயக்கிவிடுகிறது. ரத்தக்குழாய் விரிகிறது, சுவர் கசிகிறது, மூச்சுக்குழல் தசை இறுகுகிறது. இன்டர்லூகின்-8 அழைக்க, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து வந்து குவிகின்றன. அழற்சி என்பது இதுதான்.

நியூட்ரோஃபில்களை ஷிப்மென்ட் நெருக்கடிக்கு வரும் பீஸ் ரேட் ஆட்கள் என்று சொல்லலாம். அழைத்த சில மணி நேரத்தில் கும்பலாக வருவார்கள், முரட்டு வேகத்தில் வேலை பார்ப்பார்கள், முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். நியூட்ரோஃபில் கிளம்புவது என்றால் அங்கேயே தானாகச் செத்துப்போவது. ஓரிரு நாளுக்கு மேல் அதற்கு ஆயுள் இல்லை. செத்த செல்களை மேக்ரோஃபேஜ் வாரி விழுங்கும். அப்படி விழுங்கும் செயலே மேக்ரோஃபேஜின் போக்கை மாற்றிவிடுகிறது. அதுவரை நெருப்பு மூட்டும் சமிக்ஞைகளை விட்டுக்கொண்டிருந்தது, இப்போது அணைக்கும் சமிக்ஞைகளை விடத் தொடங்குகிறது. ரிசால்வின் என்னும் கொழுப்புச் சமிக்ஞைகள் இந்தக் கட்டத்தில் வேலை செய்வதை சார்லஸ் செர்ஹான் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். அழற்சி தானாகத் தணிந்துபோவதில்லை. அதை அணைப்பதற்கென்று உடலில் தனி ஏற்பாடு இருக்கிறது. விரலில் ஊசி ஏறிய தையல்காரருக்கு நான்கு நாளில் வீக்கம் வடிவதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். முயலுக்கு பாக்டீரியாப் பொருளை நாள்தோறும் ஊசியில் ஏற்றினால் முதல் நாள் காய்ச்சல் கடுமையாகவும் அடுத்தடுத்த நாட்களில் குறைந்துகொண்டும் வருவதை அமெரிக்க மருத்துவர் பால் பீசன் 1940-களில் பதிவு செய்தார். எண்டோடாக்ஸினை மீண்டும் மீண்டும் சந்திக்கும் மேக்ரோஃபேஜ் பழகிப்போகிறது. 2007-இல் ருஸ்லான் மெட்ஜிடோவ் குழு அதன் உள்விவரத்தைக் காட்டியது. பழகிய மேக்ரோஃபேஜில் எல்லா ஜீன்களும் அடங்குவதில்லை. அழற்சியைக் கிளப்பும் ஜீன்கள் பூட்டப்படுகின்றன, கிருமியைக் கொல்லும் ஜீன்கள் திறந்தே இருக்கின்றன. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் ஏற்படும் மாற்றம் அந்தப் பூட்டு. சில நாள் ஓய்வு கிடைத்தால் பூட்டு தளரும். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தமான காற்றில் மேக்ரோஃபேஜ் பழையபடி கூர்மையாகி, திங்கள் காலை முதல் மூச்சிலேயே முழு வேகத்தில் எகிறுகிறது. பஞ்சாலை நெஞ்சிறுக்கத்துக்கு இன்று பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் இது.

ஆனால் வியாழக்கிழமை இறுக்கம் இல்லாததால் நுரையீரலில் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகார் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் போகவில்லை. காரணம் போகாத இடத்தில், அணைக்கும் ஏற்பாடு ஒவ்வொரு நாளும் பாதியில் குலைகிறது. நாட்பட்ட அழற்சி தொடங்குவது அங்கேதான்.

நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியலாளருக்குக் காலண்டர் தேவையில்லை. எந்தச் செல்கள் நிற்கின்றன என்று பார்த்தே சொல்லிவிடுவார். கடும் அழற்சியில் நியூட்ரோஃபில்கள், கசிந்த திரவம். நாட்பட்டதில் கருவில் மடல்கள் இல்லாத உருண்டைச் செல்கள்: மேக்ரோஃபேஜ், லிம்போசைட், பிளாஸ்மா செல். இந்த மேக்ரோஃபேஜ்களில் பலவும் பிறப்பிலிருந்து அங்கே இருந்தவை அல்ல. எலும்பு மஜ்ஜையில் பிறந்து மோனோசைட்டாக ரத்தத்தில் வந்து புதிதாகக் குடியேறியவை, சுபாவத்தில் கொஞ்சம் கலகக்காரர்கள். அவை இன்டர்லூகின்-12 விட்டு டி-லிம்போசைட்டை உசுப்பும். டி-லிம்போசைட் இன்டர்ஃபெரான்-காமா விட்டு மேக்ரோஃபேஜை உசுப்பும். ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டே இருப்பதால் முதல் காரணம் குறைந்த பிறகும் சுற்று ஓடுகிறது. டி-லிம்போசைட்டின் மற்றொரு வகை இன்டர்லூகின்-17 விட்டு நியூட்ரோஃபிலைத் திரும்பவும் கூப்பிடும். ஆகவே நாட்பட்ட அழற்சியில் நியூட்ரோஃபில் இருக்காது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே நம்ப வேண்டாம். நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளின் சளியில் அது தாராளமாகவே கிடைக்கும். அது விடும் எலாஸ்டேஸ் என்னும் நொதி, நுரையீரலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் நாரை அறுக்கிறது.

இதே திசுவில், இதே நேரத்தில், பழுதுபார்ப்பும் நடக்கிறது. மேக்ரோஃபேஜ் விடும் டிஜிஎஃப்-பீட்டா, நார்ச்செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டுகிறது; அவை கொலாஜனைப் பின்னுகின்றன. புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. மூச்சுக்குழலின் உட்பரப்பில் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. சுவரின் தசை தடிக்கிறது. சிதைவு, அழற்சி, பழுதுபார்ப்பு மூன்றும் வரிசையாக வராமல் ஒரே இடத்தில் ஒன்றாக நடப்பதே இதன் அடையாளம். நோய் முற்றிய சிறு மூச்சுக்குழல்களின் சுவரில் லிம்போசைட்டுகள் உருண்டை உருண்டையாகத் திரண்டு, குட்டி நிணநீர் முடிச்சுகளாகவே ஆகிவிடும். இருமலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் சிரப் அங்கே எதைத் தொடும் என்று நினைக்கிறீர்கள்?

நாட்பட்ட அழற்சியில் எத்தனை மாதம் ஆனது என்பது இரண்டாம்பட்சம் என்பதற்கு ஜவுளித் தொழிலிலேயே கொடூரமான சாட்சி ஒன்று உண்டு. 1992-இல் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில், ஆர்டிஸ்டில் என்ற சிறு நிறுவனத்திலும் அதைப் போன்ற பட்டறைகளிலும் துணியில் டிசைன் அச்சிட அக்ரமின் என்ற பெயின்ட் கலவையை ஸ்ப்ரே செய்தார்கள். தோலில் பட்டாலும் வாயில் போனாலும் பெரிய தீங்கில்லாததாகக் கருதப்பட்ட பொருள். நுண்துளியாகி நுரையீரலுக்குள் போனபோது கதை மாறிவிட்டது. மூச்சு நுண்ணறைகளில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முளைத்து அடைத்துக்கொண்டன. ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதினர். நார்மயமாதல் என்றால் பல பத்தாண்டு ஆகும் என்பதல்ல. இங்கே மாதக்கணக்கே போதுமாக இருந்தது. பிரின்டிங் பட்டறையில் ஒரு பொருளைத் தடவுவதற்குப் பதில் ஸ்ப்ரே செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இந்தக் கதையை அவரிடம் சொல்ல வேண்டும்.

திருப்பூரில் பேல் முதல் பேக்கிங் வரை எல்லாத் தூசியும் ஒரே தூசி இல்லை. நிட்டிங் மிஷினைச் சுற்றிப் பறக்கும் பிசிறு, சலவை காணாத நூலிலிருந்து வருவது. அதில் எண்டோடாக்ஸின் மிச்சம் இருக்கும். அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போய்க் காரத்தில் கொதித்து, ப்ளீச் ஆகி, சாயம் ஏறி, காம்பாக்டிங் முடிந்து கட்டிங் மேசைக்கு வரும்போது கதை வேறு. சூடான காஸ்டிக் சோடா எண்டோடாக்ஸினைச் சிதைத்துவிடும். எனவே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் சுவாசிக்கும் பஞ்சு, நூற்பாலைத் தூசியைவிட இந்த ஒரு விஷயத்தில் சாதுவாகவே இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் அடித்து மிஷினையும் சட்டையையும் சுத்தம் செய்யும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் மோசம். கண்ணுக்குத் தெரியும் பிசிறு மூக்கிலேயே தங்கிவிடும். ஏர் அடிக்கும்போது கிளம்பும் நுண்தூசி உள்ளே வரை போகும். துணி மாஸ்க் முந்தையதைத் தடுக்கும், பிந்தையதை அவ்வளவாகத் தடுக்காது.

சாயப்பட்டறையின் கலர் கிச்சனில் இருப்பது முற்றிலும் வேறொரு அழற்சி. பருத்திக்கு நிறம் பிடிக்க ரியாக்டிவ் சாயம் பயன்படுகிறது. 1956-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகைச் சாயம் துணியில் ஒட்டிக்கொள்வதோடு நிற்பதில்லை. செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. சலவையில் சாயம் போகாததற்கு அதுதான் காரணம். செல்லுலோஸைப் பிடிக்கும் அதே வேதிக்கரம் மனித ஆல்புமின் புரதத்தையும் பிடிக்கும். பொடியை எடை போடும்போது பறக்கும் துகள் மூச்சுக்குழலில் இறங்கிப் புரதத்தோடு பிணைந்தால், நோயெதிர்ப்பு மண்டலம் அந்தக் கூட்டுப்பொருளை அந்நியன் என்று முடிவு கட்டி, சிலருக்கு ஐஜிஈ எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கிவிடுகிறது. அதன் பிறகு மிகச் சிறிதளவு பொடியே போதும். மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின் கொட்டும், இயோசினோஃபில் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் வந்து சேரும். கிழமைக் கணக்கு இங்கே நேர்மாறு: வாரம் போகப் போக மோசமாகும், விடுமுறையில் குறையும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இயோசினோஃபில் அழற்சிக்கு நன்றாகக் கேட்கும். நியூட்ரோஃபில் அழற்சிக்கு அவ்வளவாகக் கேட்காது. நூற்பாலைக்காரருக்கும் கலர் கிச்சன்காரருக்கும் சீட்டில் ஒரே மருந்து எழுதப்பட்டு, ஒருவருக்கு ஏன் கேட்கவில்லை என்று மருத்துவர் குழம்புவது இதனால்தான்.

மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும். நம் நாட்டில் அதுதான் சரி. காசநோயும் நாட்பட்ட அழற்சிதான், ஆனால் அது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்: எபிதீலியாய்டு செல்கள், லாங்ஹான்ஸ் ராட்சதச் செல்கள் கூடிய கிரானுலோமா. மணல் தூசியால் வரும் சிலிகோசிஸுக்கும் தனி முடிச்சு உண்டு. பஞ்சுத் தூசிக்கு அப்படி ஒரு தடயம் கிடையாது. நுண்ணோக்கியின் கீழ் அது சாதாரண நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியைப் போலவே இருக்கும். புகைப்பவர் நுரையீரலிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். இழப்பீட்டு வழக்குகள் இந்த இடத்தில்தான் சிக்கின. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிஸினோசிஸ் இடம்பெற்றிருந்தது. நோயைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. திசு தடயம் தராத நோயில், ‘எந்தக் கிழமை அதிகம்?’ என்ற கேள்வி கேட்கப்படாவிட்டால் அறிக்கை எழுத ஒன்றும் இருக்காது.

தடுப்பது எப்படி என்பதில் மர்மம் இல்லை. அமெரிக்கா 1978-இல் நூற்புப் பிரிவுகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்ற தூசி வரம்பை விதித்தது. செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று ஆலை முதலாளிகள் வழக்குத் தொடுக்க, 1981-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பை உறுதி செய்தது. தூசியை உறிஞ்சும் புதிய மிஷின்கள் வந்தன. அவை வேகமாகவும் ஓடின என்பது முதலாளிகள் எதிர்பார்க்காத லாபம். நூற்கும் முன்பே பஞ்சை அலசிவிட்டால் எண்டோடாக்ஸின் வெகுவாகக் குறையும் என்பதும் தெரிந்த விஷயம்தான். அலசிய பஞ்சு நூற்க அடம்பிடிக்கும் என்பதால் அது பரவவில்லை.

வேலையை விட்டால் நுரையீரல் மீளுமா? ஷாங்காயில் 1981-இல் டேவிட் கிறிஸ்டியானி சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து 447 பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும், ஒப்பீட்டுக்கு 472 பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் பதிவு செய்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். பருத்திக்காரர்களின் மூச்சுத்திறன் பட்டுக்காரர்களைவிட வேகமாகச் சரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர்களில் பலருக்கு நிலைமை ஓரளவு தேறியது. அழற்சிச் செல்கள் வெளியேறக்கூடியவை. படிந்த கொலாஜனும் அறுந்த எலாஸ்டினும் அப்படி மீள்வதில்லை. ஓரளவு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் திசுக்கணக்கு இது. அந்த ஆய்வின் பலம், வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிப் போய் ஊதவைத்து அளந்ததில் இருக்கிறது. மூச்சு முட்டுபவர்தான் முதலில் நின்றுவிடுகிறார். எனவே ஆலை வாசலுக்குள் மட்டும் எண்ணினால் திடகாத்திரமானவர்களின் கணக்கே கிடைக்கும். திருப்பூர் ஆலைகளிலிருந்து நின்றவர்கள் தேனிக்கும் ராமநாதபுரத்துக்கும், இப்போது பிகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பிப் போகிறார்கள். அவர்களுடைய இருமலைப் பார்க்கப்போவது அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். முன்பு எங்கே, எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள் என்று அவர்தான் கேட்க வேண்டியிருக்கும்.